ஆளுக்கு மூன்று

தண்ணீர் முற்றத்துக்குள் வந்து ஒன்பது நாளும் நாலு மணி நேரமும் ஆகியிருந்தன. யூலின் பின்கட்டுப் படிக்கட்டின் உச்சியில் நின்று கீழே எண்ணினாள். மொத்தம் பதின்மூன்று படி. முதல் நாள் சாயங்காலம் ஏழு படி முழுகிக் கிடந்தது, நாலாம் நாள் எட்டு. பிறகு மூன்று நாள் தண்ணீர் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. செத்த கோழியும் பிளாஸ்டிக் செருப்பும் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. நேற்றுக் காலையில் கீழிருந்து ஏழாவது படி தலை காட்டியது. இன்று ஐந்தாவது படி பாசி படிந்து வழவழவென்று வெளியே வந்திருந்தது. கைப்பிடிக் கட்டையில் அவள் தினமும் கரித்துண்டால் கோடு போட்டு வந்தாள். நாளுக்கு இரண்டு படி. மீதி நாலு. ஆக இரண்டு நாள். இப்படிக் கணக்குப் போடுவதைத் தவிர அந்த வீட்டில் தனக்கென்று செய்ய அவளுக்கு வேறு ஒன்றும் இல்லை.

தண்ணீர் வந்த வியாழக்கிழமை காலை எட்டு மணி மினிபஸ்ஸில் அவள் போயிருக்க வேண்டும். ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தது. இரண்டு மணி நேரம் முந்திக்கொண்டது, அவ்வளவுதான். போவதென்றால் நியூ ஆம்ஸ்டர்டாமுக்கு. அங்கே படகுத்துறைக்குப் பக்கத்தில் அக்கா ஒடெஸ்ஸா சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். கடைக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு கட்டில், உள்ளே தாழ்ப்பாள் உள்ள கதவு. வா, வந்து அடுப்பைப் பார்த்துக்கொள், ராத்திரி யாரும் உன்னை எழுப்பமாட்டார்கள் என்று ஒடெஸ்ஸா சொல்லி இரண்டு வருஷமாகிறது. யாரோடும் ஓடிப்போவதில்லை. வீட்டில் யாரும் அவளை அடித்ததுமில்லை, திட்டியதுமில்லை. வெளியே சொன்னால் காரணம் என்று ஒன்றுமே இல்லாதது போலத்தான் இருக்கும்.

காரணம் முன்னறையில் கட்டிலில் படுத்திருந்தது. வீட்டில் எல்லோரும் 'பா' என்று கூப்பிடும் மாமனார் எக்பர்ட்டுக்குப் பக்கவாதம் வந்து ஆறு வருஷம். வலது பக்கம் முழுவதும் போயிற்று. பேச்சில் மிஞ்சியது 'இல்ல' என்ற சொல்லும் இன்னொரு கெட்ட வார்த்தையும். முதுகில் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கொரு முறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இரவும் பகலும். ஆறு வருஷமாக யூலின் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கியதில்லை. அவருடைய பிள்ளைகள் எட்டுப் பேரில் ஏழு பேர் நியூயார்க்கிலும் டொரான்டோவிலும் இருந்தார்கள். கிறிஸ்துமஸுக்குப் போனில் பேசி அழுவார்கள். எட்டாவது பிள்ளை கான்ராய், அவள் புருஷன், காட்டுக்குள்ளே ஆற்றில் தங்கம் சலிக்கும் கூட்டத்தோடு இருந்தான். கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம், ஆகஸ்டில் மூன்று வாரம் வருவான். வருகிற நாளெல்லாம் வீடு சிரிப்பாய் இருக்கும்.

அவன் வீட்டில் இருக்கும்போதுதான் அவளால் போக முடியும். இல்லாதபோது போனால் கிழவர் தனியாகக் கிடப்பார். அதை அவளால் செய்ய முடியாது. வருஷத்தில் ஆறு வாரம்தான் அந்தக் கதவு திறந்திருக்கிறது. போன கிறிஸ்துமஸில் செருப்பு மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பிவிட்டாள். ஆகஸ்டில் கிழவருக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. இந்த முறை துணிப்பையைக்கூட முன்னதாகவே வேலிக்கு அந்தப் பக்கம் தூலாரியிடம் கொடுத்துவைத்திருந்தாள். ஒரே ஒரு தடவை, இரண்டு வருஷத்துக்கு முன்னால், கான்ராயிடம் பேச்சை எடுத்துப் பார்த்திருந்தாள். என்னால் முடியவில்லை என்றாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உன்னைவிட்டால் பாவுக்கு யார் இருக்கிறார்கள், அடுத்த தடவை வரும்போது உட்கார்ந்து பேசுவோம் என்று சொல்லிவிட்டு மறுநாள் காலையில் காட்டுக்குப் போய்விட்டான்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு வந்த அவனையும் வெள்ளம் சேர்த்துப் பிடித்துப் போட்டுவிட்டது. பத்து நாளாகக் கூண்டுப் பறவை மாதிரி முன்னறைக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தான். தண்ணீர் வடிந்ததும் அவன் கிளம்புவான். அதே தண்ணீர் வடிந்தால்தான் அவளும் கிளம்ப முடியும். யார் முதலில் படி இறங்குகிறார்களோ அவர்களுக்கு ரோடு, மற்றவருக்குக் கட்டில். இது அவளுக்குத் தெரியும். அவனுக்கு இப்படி ஒரு போட்டி நடக்கிறதென்றே தெரியாது.

"ஏ யூலின், பருப்பு வருது பாரு. மூணு கப்பு. அப்புறம் ஒரு பருப்பு கொறைஞ்சுதுன்னு எம் மேல பழி போடாத."

தூலாரி அடுத்த வீட்டுப் பின் ஜன்னலில் முழங்கையை ஊன்றியிருந்தாள். இரண்டு வீடும் தூண்மேல் நிற்கும் மரவீடுகள். நடுவே துணி காயப்போடும் கயிறு உருளைமேல் ஓடியது. அதில் ஓர் அலுமினிய பேசினைக் கட்டி, தண்ணீருக்கு மேலே தொங்கவிட்டு, இரண்டு பெண்களும் ஒன்பது நாளாக வியாபாரம் நடத்திக்கொண்டிருந்தார்கள். வாழைக்காய் போகும், தீப்பெட்டி வரும். தேங்காய் போகும், பருப்பு வரும். போன சனிக்கிழமை எல்லா வீட்டிலும் பிஸ்கட்டும் டின் மீனும்தான். சனிக்கிழமைக்கு சூப் வைக்காமல் ஒரு வாரம் தாண்டியது அந்தத் தெருவுக்கே பொறுக்கவில்லை. இந்தச் சனிக்கிழமை மூன்று நாலு கூரைகளுக்கு மேல் ஒரே நேரத்தில் புகை எழுந்தது.

பேசினை இழுத்து எடுத்து யூலின் பருப்பைப் பார்த்தாள். உடைத்த மஞ்சள் பட்டாணி, சுத்தமாகப் புடைத்தது. ஆறு வாழைக்காயும் ஒரு தேங்காயும் பேசினில் வைத்துத் தள்ளிவிட்டாள்.

"உம் மாமனாரு எப்படி இருக்காரு?"

"காலையில ரெண்டு தடவ திட்டினாரு, ஆன்ட்டி. நல்லாத்தான் இருக்காரு."

தூலாரி சிரித்தாள். அவளுக்கு அறுபது வயது. மூன்று மருமகள்களைப் பார்த்தவள், மூன்றும் பிழைத்துப்போனது ஆச்சரியம் என்று தன்னைப் பற்றியே சொல்லிக்கொள்வாள். பேசினை இழுத்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தாமல், ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்: "நீ தைக்கக் குடுத்த துணிய மேல பீரோவுல வெச்சிருக்கேன். ஒண்ணும் நனையல. எப்ப வேணுமோ கேளு." துணிப்பையைத்தான் அப்படி மறைத்துச் சொல்கிறாள் என்று புரிந்து யூலின் தலையை அசைத்தாள்.

உப்புக்கண்டத்தை இரண்டு தண்ணீரில் கொதிக்கவைத்து உப்பை எடுக்க வேண்டும். சுற்றிலும் நாலு படி உயரத்துக்குத் தண்ணீர், சமைக்கத் தண்ணீர் இல்லை. கூரையிலிருந்து பிடித்த மழைநீரில் ஒரு கொதிதான் முடிந்தது. மீதி உப்பைப் பரங்கிக்காயும் கிழங்கும் வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டாள். பருப்பை வெங்காயம், பூண்டு, ஜன்னலில் டப்பாவில் வளர்ந்த தைம் தழையோடு அடுப்பில் ஏற்றினாள். கண்ணில் படுகிற இடமெல்லாம் கீழ்க்கட்டிலிருந்து தூக்கி வந்த சாமான்: சைக்கிள், உரல், தையல் மிஷின், கால் கட்டிய நாலு கோழி. கோழிகள் அடுப்படிக்கும் அவளுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு தடவை கடக்கும்போதும் புகார் செய்தன. ஒரு மணி நேரத்தில் பருப்பு மலர்ந்தது. மத்தைப் போட்டுக் கடைந்தாள். பருப்பு உருத்தெரியாமல் கரைய வேண்டும், அந்த வீட்டில் அது சட்டம்.

சட்டம் போட்டவரிடம் ஒரு கரண்டியைக் கொண்டுபோனாள். எக்பர்ட் சர்க்கரை ஆலையில் முப்பத்தொரு வருஷம் பாகு காய்ச்சியவர். பாகில் மணி திரண்டதா என்று கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்துச் சொல்வது அவர் வேலை. அவர் விரல் சரி என்றால்தான் கொப்பரை இறங்கும். இப்போது இடது கையை நீட்டினார். அவள் ஊதி ஆற்றிய ஒரு சொட்டை விரலில் விட்டாள். அவர் கண்ணை மூடித் தேய்த்தார். இல்லை என்றார். அவள் திரும்பிப் போய் இன்னும் கொஞ்சம் கடைந்து எடுத்து வந்தாள். இந்தத் தடவை தேய்த்துவிட்டுத் தலையை லேசாக ஆட்டினார். மறுத்தாலும் ஏற்றாலும் அவர் முகத்தில் வாரத்துக்கு ஒரு தடவை வேலைக்குப் போய்வந்த களை தெரியும். கான்ராய்க்கு இந்தச் சொட்டு விஷயம் தெரியாது. கரண்டியைத் துடைத்துக்கொண்டே, அவனுக்கு விட்டுப்போகும் காகிதத்தில் இதையும் சேர்க்க வேண்டும் என்று நினைத்தாள். மருந்து நேரம், புரட்டும் நேரம், எந்தப் பக்கம் தலையணை என்று ஏற்கெனவே மூன்று பக்கம் எழுதி, அது துணிப்பையோடு தூலாரியின் பீரோவில் இருந்தது.

கிழங்கு வெந்துகொண்டிருக்கும்போது கான்ராய் படகிலிருந்து இறங்கிப் படியேறி வந்தான். தண்ணீர் பாட்டில் கொடுக்கிற படகோடு காலையிலேயே போயிருந்தவன், இடுப்புவரை நனைந்து, முகமெல்லாம் பல்லாக நின்றான். மூடியைத் திறந்து மோந்து பார்த்தான். மெயின் ரோட்டில் பஸ் ஓடுகிறது, சந்தில் மட்டும்தான் முழங்கால் தண்ணீர், ஜார்ஜ்டவுன் வரை தடையில்லை என்று மூச்சுவிடாமல் சொன்னான். கூட்டத்துக்காரர்களோடு பேசிவிட்டானாம். அவனுக்காகத்தான் மேலாற்றுப் படகு காத்திருக்கிறதாம்.

"நாளைக்கு விடியறப்பவே கெளம்பிடறேன், யூலின். திங்கக்கெழம படகு. விட்டா இன்னும் மூணு வாரம்."

அவள் சட்டியில் மிதந்த மிளகாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காம்போடு முழுசாகப் போட்ட மிளகாய்; வாசம் மட்டும் இறங்க வேண்டும். வெடித்தால் சூப்பை யாரும் வாயில் வைக்க முடியாது. கரண்டியின் முதுகால் அதை மெதுவாக ஓரத்துக்கு ஒதுக்கினாள். அவள் கணக்கில் இரண்டு நாள் இருந்தது. அவன் படியை எண்ணவில்லை, முழங்கால் தண்ணீரில் நடந்துபோகத் தயாராக இருந்தான். அது அவள் கணக்கில் வரவே இல்லை.

"இன்னிக்குப் பாவுக்கு நீ ஊட்டு," என்றாள்.

அவன் ஏன் என்று கேட்கவில்லை. நாளைக்குப் போகிற பிள்ளை ஊட்டட்டும் என்று அவள் நினைக்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, ஈரத்தை மாற்றி வந்து வாழைக்காய் மாவுக் கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். தாடையைக் கீழே இறக்கிப் பிடிக்க வேண்டும், இடது கன்னத்துப் பக்கம் கொடுக்க வேண்டும், தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அடுத்த வாய் என்று அவள் சொன்னாள். எனக்கு ஊட்டினவருக்கே நான் ஊட்டத் தெரியாதவனா என்றான். ரேடியோவில் மதகு திறக்கிற செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காது அதில். மூன்றாவது வாய் கொடுக்கும்போது இரண்டாவது வாய் இன்னும் உள்ளேயே இருந்தது. கிழவர் இருமினார். முகம் கறுத்துச் சிவந்து, நெஞ்சு தூக்கிப் போட்டது.

யூலின் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்று எண்ணினாள். இரண்டு. கால் தானாக முன்னால் போகப் பார்த்தது. விரல்கள் நிலையை விடவில்லை. மூன்று. கான்ராய் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அப்பாவை முன்னால் சாய்த்து முதுகைத் தட்டினான், அவள் முன்பு ஒரு தடவை செய்ததைப் பார்த்திருந்த மாதிரி. நாலு. கிழவர் மூச்சை இழுத்தார். கண்ணில் நீரோடு தன் ஒரே கெட்ட வார்த்தையைத் தெளிவாக, முழுசாகச் சொன்னார்.

"ஆமா பா, நான் அதுதான்," என்றான் கான்ராய். சிரிக்க முயன்றான். எட்டிப்போய் ரேடியோவை அணைத்தான்.

பிறகு மெதுவாக ஊட்டினான். தொண்டையையே உற்றுப் பார்த்துக்கொண்டு ஊட்டினான். நாக்கு நுனி அவன் அறியாமலேயே வெளியே வந்திருந்தது. சலிக்கிற தட்டில் மணலைப் பார்ப்பவன் அப்படித்தான் பார்ப்பானாக இருக்கும். அரைக் கிண்ணம் முடிய இருபத்தைந்து நிமிஷம் ஆனது. எழுந்து முதுகை நிமிர்த்திக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"அரைக் கிண்ணத்துக்கே உயிரு போயிருச்சு. தெனமும் மூணு வேளையா இப்படி?"

"நாலு."

அவன் தலையை ஆட்டினான். அவளைப் பார்த்த பார்வையில் மெய்யான மரியாதை இருந்தது. நல்லவேளை நீ இருக்கிறாய் என்று சொல்லிவிட்டுப் பையை அடுக்கப் போனான். பூட்ஸைத் தட்டும் சத்தம் கேட்டது. கூடவே சீட்டியும்.

இனி இருப்பது மாவு உருண்டை மட்டும். அவள் டப்பாவிலிருந்து மாவைத் தட்டில் கொட்டி, உப்பும் சிட்டிகைச் சர்க்கரையும் வெண்ணெயும் சேர்த்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்தாள். சொல்லிவிட வேண்டும். சாப்பிட்ட பிறகா, முன்னாலா. சாப்பாட்டுக்கு முன்னால் சொன்னால் யாரும் சாப்பிடமாட்டார்கள். சாப்பிட்ட பிறகு என்றால் அவன் தூங்கிவிடுவான், எழுந்ததும் விளக்கேற்றும் நேரம், பிறகு விடியல். ஒரு துண்டைக் கிள்ளி உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து இருமுனையும் கூராகும்படி நூற்கும் கதிர் போல உருட்டினாள். கான்ராய், நான் ஒடெஸ்ஸா வீட்டுக்குக் கொஞ்ச நாள் போய்வரட்டுமா. அது கேள்வி. கேள்வி கேட்டால் அவன் பதில் சொல்வான், பதில் அவளுக்குத் தெரியும். இன்னொரு துண்டு. கான்ராய், எனக்குத் தூக்கம் வேண்டும். அதற்குச் சிரிப்பான், இன்றைக்கு ராத்திரி நான் பார்த்துக்கொள்கிறேன் என்பான், பார்த்தும் கொள்வான், ஒரு ராத்திரி. இன்னொரு துண்டு. போகிறேன் என்று மட்டும் சொல்ல வேண்டும். முன்னும் பின்னும் எதுவும் இல்லாமல் ஒரு சொல். அதை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தபோதே காது சூடாயிற்று. கை தன் பாட்டுக்கு உருட்டிக்கொண்டிருந்தது. தட்டில் இருந்ததை எல்லாம் வழித்து சூப்பின் மேல் பரப்பி மூடினாள். பத்து நிமிஷம் மூடியைத் தொடக் கூடாது. திறந்து பார்த்தால் உருண்டை அமுங்கிக் கல்லாகிவிடும். ஜன்னலோரம் போய் நின்றாள். ஐந்தாவது படி வெயிலில் காய ஆரம்பித்திருந்தது.

கான்ராய் சட்டியைத் துணி சுற்றித் தூக்கி முன்னறைக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கு எதிரே பெட்டியின் மேல் வைத்தான். மூன்று கிண்ணம்; கிழவருடையதை எண்ணிப் போட்ட பிறகு மசித்து ஊட்டுவார்கள். அப்பாவுக்கு முதுகில் தலையணை கொடுத்து உட்காரவைத்திருந்தான். எட்டுப் பிள்ளைகள் இருந்த காலத்தில் உருண்டைக்கு அடிதடி நடக்கும் என்பதால் எக்பர்ட் ஒரு முறை வைத்திருந்தார்: பெரியவரோ சின்னவரோ ஆளுக்கு மூன்று, அகப்பையை அவரே பிடித்து உரக்க எண்ணிப் போடுவார், கடைசிக் கிண்ணம் சமைத்தவளுக்கு, அதுவும் நிறைந்து கணக்குச் சரியாக வந்த பிறகுதான் யாரும் கரண்டியை எடுக்கலாம். கான்ராய் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அப்பாவின் குரலில் அதைச் செய்து காட்டி அவரைச் சிரிக்கவைப்பான். இன்றைக்கும் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. இது மிஸ்டர் எக்பர்ட்டுக்கு. யாருப்பா அங்க கைய நீட்டறது, அடி விழும்." கிழவரின் இடது உதடு இழுத்துக்கொண்டு சிரித்தது. "ஒண்ணு. ரெண்டு. மூணு. இது அந்தக் கடைக்குட்டிக்கு. அழுமூஞ்சி."

மூன்றாவது கிண்ணத்தை எடுத்தான். அகப்பையைச் சட்டிக்குள் விட்டான். மரவள்ளித் துண்டு வந்தது. மறுபடி விட்டான். பரங்கி. அடிவரை துழாவினான். உப்புக்கண்டம், சேப்பங்கிழங்கு, வாழைக்காய். உருண்டை இல்லை.

யூலினுக்கு அப்போதுதான் புரிந்தது. தட்டில் இருந்த உருண்டைகளை மனத்தில் திரும்பக் கொண்டுவந்து பார்த்தாள். ஆறு. பதினெட்டு வருஷமாக சனிக்கிழமைதோறும் அந்தக் கைகள் உருட்டியிருக்கின்றன. ஒரு தடவையும் எண்ணிக்கை தவறியதில்லை. கான்ராய் வீட்டில் இருந்தால் ஒன்பது, காட்டில் இருக்கும் மாதங்களில் ஆறு, அந்த ஆறில் மூன்று அவளுடையவை. இன்றைக்குப் பாவை எண்ணியிருந்தாள், கான்ராயை எண்ணியிருந்தாள். நாளைக்கு மறுநாள் இந்த வீட்டில் யார் இருக்க வேண்டுமோ அவர்களை மட்டும் எண்ணியிருந்தாள்.

கான்ராய் அகப்பையைச் சட்டி விளிம்பில் சாய்த்தான். அவளைப் பார்த்தான். அந்தப் பெரிய முகம் மெதுவாக இளகியது.

"மாவு தீந்துருச்சா?"

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவனே முடிவு செய்துவிட்டான். ஒன்பது நாளாக அவள் அவர்களுக்குப் போட்டுவிட்டுத் தான் குறைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், நான் குருடன் மாதிரி இருந்திருக்கிறேன் என்றான். அப்பாவிடம் திரும்பி, பார்த்தாயா பா என்றான். எழுந்து பக்கவாட்டு ஜன்னலுக்குப் போய்த் தூலாரியைக் கூப்பிட்டான். அவள் கையில் கிண்ணத்தோடு எட்டிப் பார்த்தாள். இருக்கிற மாவையெல்லாம் எங்களுக்கு உருட்டிப் போட்டுவிட்டுத் தனக்கு ஒன்றுகூட வைத்துக்கொள்ளாத பெண்டாட்டியை எங்கேயாவது பார்த்திருக்கிறாயா ஆன்ட்டி என்று கேட்டான். தூலாரி அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் நின்ற யூலினைப் பார்த்தாள். கரண்டியைக் கிண்ணத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

"அவளுக்கு எண்ணத் தெரியும், கான்ராய்," என்றாள். "நீ போய் அவளக் கேளு."

அவன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரித்தபடி திரும்பி வந்தான். அப்பாவின் கிண்ணத்திலிருந்து ஒரு உருண்டையைப் பதமாக எடுத்து மூன்றாவது கிண்ணத்தில் போட்டான். கிழவர் இல்ல என்று சொல்லவில்லை. அவர் யூலினையே பார்த்துக்கொண்டிருந்தார். பாகு பதம் வருகிறதா என்று பார்க்கிறவரின் அசையாத பார்வை. பிறகு கான்ராய் தன் கிண்ணத்துக்கு அகப்பையைக் கொண்டுபோனான்.

"ஆளுக்கு ரெண்டு. என்ன அழகா வருது பாரு. ஆறு, மூணு பேரு, ரெண்டு ரெண்டு ரெண்டு. யாருக்கும் கொறையில்ல."

கணக்கு உண்மையிலேயே சரியாக வந்தது. எங்கேயும் ஒரு விரல் நுழைய இடமில்லாமல் வந்தது. அவள் இப்போது உட்கார்ந்து அந்த இரண்டு உருண்டையையும் தின்றுவிட்டால் போதும். அவன் காலையில் அவள் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுப் போவான். மாவு தீர்ந்தும் தங்களுக்கு உருட்டிப் போட்டவளைப் பற்றிக் காட்டில் எல்லோரிடமும் சொல்வான். ஆகஸ்டில் வந்து மறுபடி சொல்வான். ஏழு பேருக்கும் போனில் சொல்வான், அவர்கள் அழுவார்கள். அதற்கப்புறம் அவள் எந்த ஆகஸ்டிலும் எங்கேயும் போக முடியாது.

அவள் நின்றுகொண்டே இருந்தாள். கோழிகள் சமையலறையில் எதற்கோ சண்டை போட்டன.

"உக்காரு யூலின், ஆறிப்போகுது."

"மாவு இருக்கு," என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"டப்பால பாதி இருக்கு. போய்ப் பாரு. நான் ஒண்ணும் தியாகம் பண்ணல, கான்ராய். உருட்டும்போது பாவ எண்ணினேன், உன்ன எண்ணினேன். என்ன எண்ணல." தன் குரல் தனக்கே எட்டத்திலிருந்து வருவது போல் கேட்டது. "வெள்ளம் வந்த அன்னிக்கு எட்டு மணி பஸ்ஸுல நான் போறதா இருந்தேன். ஒடெஸ்ஸாகிட்ட. எம் பை தூலாரி ஆன்ட்டி வீட்டுலதான் இருக்கு. நீ இங்க இருந்தாத்தான் என்னால போக முடியும். அதனால நாளைக்கு நீ எறங்காத. நான் போறேன்."

கான்ராயின் அகப்பை அந்தரத்தில் நின்றது. அதில் ஒரு உருண்டை. மஞ்சள் சூப் அதன் கூர்முனையிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பெட்டியின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அவன் அதை மூன்று கிண்ணத்துக்கும் மேலே பிடித்தபடி, எதில் இறக்குவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.